எத்தனை பேர் தூக்க வேண்டும்? கட்டுமரம் முதல் பைபர் போட்டு வரை

 

போன கிழமை குளக்கட்டில் நடந்த கதை ஒன்றுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். அங்கேயே நின்று சொல்லியிருந்தால் அரைவாசியில் வாக்குவாதம் வந்திருக்கும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். நம் அக்கராயன் குளத்தில் மீன் பிடிக்கிற சிலரும், நாச்சிக்குடாப் பக்கம் இருக்கிற நம் உறவுகள் சிலரும் சேர்ந்து ஒரு பைபர் போட்டு வாங்க யோசிக்கிறார்கள். குளத்தில் தண்ணீர் நிற்கிற மாதங்களில் குளத்தில் தொழில். குளம் வற்றினால் டிரக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் களப்பில் தொழில். லீவு நாட்களில் வருகிற ஆட்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஏற்றி ஒரு சுற்றுக் காட்டி ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவது. ஒரே போட்டு, மூன்று வேலை. "சேர், நீங்கள் சரித்திரம் படிப்பிக்கிறீர்கள், இதிலே என்ன சொல்லுறீங்கள்?" என்று பகிடியாகத்தான் கேட்டார்கள். ஆனால் பதில் உண்மையிலேயே சரித்திரத்தில்தான் இருக்கிறது.

நம் ஊரில் கடல் இல்லை. ஆனால் கடலிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலியால் வந்தவர்கள், 1996இல் கிளிநொச்சி நகரம் பெயர்ந்தபோது அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கம் வந்து குந்தியவர்கள், 2008இல் மன்னார்க் கரையிலிருந்து ஊர் ஊராகத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள். அந்தக் கடைசி இடப்பெயர்வில் கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் பெட்டியில் ஏற்றியதுபோலப் படகையும் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் உண்டு என்று இங்கே இன்றும் சொல்வார்கள். தரையால் கொண்டுபோகக்கூடிய படகா, இல்லையா என்பது நமக்குப் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை.

முதலில் கட்டுமரம். இதைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது கேள்வித்தாளில் வருகிற ஒரு வரிதான்: ஆங்கிலத்தில் உள்ள 'கட்டமரான்' தமிழ்ச் சொல். சரி. ஆனால் உலகம் இன்று அந்தப் பெயரால் அழைப்பது நம்முடைய பொருளை அல்ல. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தைத் தன் 1697ஆம் ஆண்டுப் பயண நூலில் எழுதினார். பிற்காலத்தில் அந்தச் சொல்லை இரண்டு ஓடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிணைத்த படகுக்குப் போட்டுவிட்டார்கள். அந்த அமைப்பு பசிபிக் தீவு மக்களுடையது. அமெரிக்கர் ஹெரஷொஃப் 1876இல் அப்படி ஒன்றைக் கட்டிப் போட்டியில் வென்று, மற்றவர்கள் முறைப்பாடு செய்து அதைப் போட்டியிலிருந்தே விலக்கினார்கள். 1960களின் கடைசியில் கலிபோர்னியாவில் ஹொபி ஆல்ட்டர் என்பவர் கண்ணாடியிழையில் சின்னதாகச் செய்து, காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டுபோகலாம் என்று விற்றார். பெயர் நம்முடையது, பொருள் பசிபிக்காருடையது, காசு கலிபோர்னியாவுக்கு.

நம்முடைய கட்டுமரத்துக்கு உள் என்பதே கிடையாது. பாரமில்லாத மரத் துண்டங்களைச் செதுக்கிக் கயிற்றால் கட்டியது. தண்ணீர் இடுக்கால் வரும், இடுக்கால் போகும். நிரம்புவதற்குக் குழி இல்லாததால் அது தாழாது. கவிழ்ந்தாலும் இரண்டு பேர் நீந்திப் பிடித்துத் திருப்பி ஏறிவிடலாம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துத் துண்டம் துண்டமாகத் தோளில் தூக்கி மணலில் காயப் போடுவார்கள், ஏனென்றால் ஊறிய மரம் பாரம். துறைமுகம் வேண்டாம், இறங்குதுறை வேண்டாம், டிரக்டர்கூட வேண்டாம். குறையும் உண்டு. இடுப்புக்குக் கீழே எப்போதும் ஈரம். மீனை வைக்க இடம் இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் அந்தத் தொழில் செய்தவரின் முழங்காலைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

களப்புக்கு வள்ளம். மரத்தைக் குடைந்தோ பலகை தைத்தோ செய்தது. நம் வடக்குக் கரை வள்ளங்களுக்கு மரம் பெரும்பாலும் கேரளக் கரையிலிருந்து வந்தது, சொல்லே அவர்களுக்கும் நமக்கும் பொதுவானது. பூநகரி, நாச்சிக்குடாக் களப்பில் முழங்கால் அளவுத் தண்ணீரில் மரக்கோலால் தாங்கிக்கொண்டு போகலாம், ஆழமான இடத்தில் சவள் வலிக்கலாம், காற்று வந்தால் ஒரு பாய். இதற்கு உள் உண்டு. ஆகவே நிரம்பும். ஆனால் மரம் என்றபடியால் நிரம்பினாலும் விளிம்பளவில் மிதந்துகொண்டிருக்கும். பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று மிஞ்சும்.

இந்த இடத்தில் நம் சனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்களத்தில் முஸ்லிம்களை 'மரக்கல' என்பார்கள். மரைக்காயர் என்ற பெயரையும் மரக்கலத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். நாங்கள் ஏதோ கப்பல் முதலாளிமார் என்று நினைத்துவிட வேண்டாம். எருக்கலம்பிட்டியிலும் நாச்சிக்குடாவிலும் பெரும்பாலானோருக்கு மரக்கலம் என்றால் இந்த வள்ளம்தான்.

1958 அளவில் அரசாங்கம் கடற்றொழிலை இயந்திரமயமாக்கத் தொடங்கியது. 28 அடி, மூன்றரைத் தொன் போட்டு. உள்ளே இஞ்சின், ஆழக்கடலுக்குப் போகலாம், கூடுதலான வலை போடலாம். மயிலிட்டி போன்ற ஊர்கள் அதனால் நிமிர்ந்தன. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்றரைத் தொன்னை எவரும் கரையில் இழுத்துப் போட முடியாது. அதற்கு நங்கூரம் போட ஆழமான, மறைப்பான இடம் வேண்டும், அந்த இடம் உன் கையில் இருக்க வேண்டும். 1990 ஜூனில் மயிலிட்டிச் சனங்கள் ஓடினார்கள். துறை பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அவர்கள் திரும்பக் கால் வைத்தது 2017 ஜூலையில். 27 வருடம். தோளில் தூக்க முடியாத சொத்துக்கு என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதே 1958இல் அமெரிக்காவில் டிக் ஃபிஷர் என்பவர் பொஸ்டன் வேலர் என்ற 13 அடிப் போட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இரண்டு கண்ணாடியிழை ஓடுகளுக்கு நடுவில் நுரையை நிரப்பிக் கட்டியது. மூன்று வருடம் கழித்து ஒரு விளம்பரம் செய்தார். தானே அந்தப் போட்டில் ஏறி இருந்துகொண்டார். நடுவால் வாளால் அறுத்து இரண்டாக்கினார்கள். பின் பாதியை ஓட்டிக்கொண்டே போனார். லைஃப் சஞ்சிகையில் படம் வந்தது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, அவர் செய்தது கட்டுமரத்தின் வேலையைத்தான் என்பது: நிரம்பக் குழி இல்லாவிட்டால் தாழாது. அதுவும் காருக்குப் பின்னால் இழுக்கக்கூடிய பாரத்தில்.

நமக்குக் கண்ணாடியிழை வந்த வழி வேறு. 1967இல் நோர்வேக்காரர் ஆர்ன ஃபியோர்டொஃப்ட் யாழ்ப்பாணத்தில் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார். காரைநகரில் படகு கட்டுமிடம், குருநகரில் வலைத் தொழிற்சாலை. மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதன் பின்னால் இருந்தது நோர்வேயின் மதுவிலக்கு இயக்கத்து இளைஞர்கள் என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் மௌலவிமார் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். கடற்றொழிலாளிக்குக் கடன் இல்லாமல், குடி இல்லாமல் சொந்தக் காலில் நிற்க ஒரு படகு என்பது அவர்கள் எண்ணம். 1970களில் பதினெட்டடி பைபர் போட்டும் அதற்குப் பின்னால் பூட்டுகிற இஞ்சினும் வடக்குக் கரையெங்கும் பரவத் தொடங்கின.

நல்ல சாமான்தான். அச்சில் இழைப் பாயைப் பரப்பிப் பசையை ஊற்றிக் காய வைத்தால் ஓடு தயார். உளுக்காது, குங்கிலியம் உருக்கி அடைக்கத் தேவையில்லை. பத்துப் பேர் பிடித்தால் மணலில் ஏறும், ஒரு டிரக்டர் பெட்டியில் பின்பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். இஞ்சினைத் தனியாகக் கழற்றி ஒருவர் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கலாம். போர்க்காலத்தில் அதுவே பெரிய விஷயம். குதிரை வலுவுக்குக் கட்டுப்பாடு, நேரத்துக்குக் கட்டுப்பாடு, தூரத்துக்குக் கட்டுப்பாடு, பாஸ் என்று இருந்த காலம். நல்ல இஞ்சின் வைத்திருந்தவன் யாரைக் கண்டாலும் பயந்தான். வெள்ளிக்கிழமைகளில் சூரா கஹ்ஃப் ஓதுகிறபோது எனக்கு அந்த இடம் வந்தால் இவர்கள் நினைவுதான். ஹிழ்று அலைஹிஸ்ஸலாம் கடலில் உழைக்கும் ஏழைகளின் மரக்கலத்தில் ஒரு பழுதை உண்டாக்குகிறார். மூஸா அலைஹிஸ்ஸலாமுக்கு விளங்கவில்லை. நல்ல கலத்தையெல்லாம் பறிக்கிற ஓர் அரசன் பின்னால் இருந்தான் என்று பிறகுதான் சொல்கிறார். வன்னியில் தொழில் செய்த எவருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படாது.

ஆனால் பைபர் ஓட்டில் ஒரு குறை உண்டு. மரம் மிதக்கும், கண்ணாடியிழை மிதக்காது. தண்ணீரைவிட அது பாரமான பொருள். வெறும் ஓடாக இருந்தால், நிரம்பியவுடன் பின்னால் தொங்குகிற இஞ்சின் இழுக்க, நேரே கீழே போகும். ஆகவே அணியத்திலும் இருக்கைக்குக் கீழும் காற்றறையோ நுரையோ வைத்து அடைக்க வேண்டும். நல்ல கட்டுநர்கள் வைக்கிறார்கள். மலிவாகக் கட்டுபவர்கள் முதலில் விடுவது அதைத்தான், ஏனென்றால் அது வெளியில் தெரியாது.

இது ஆட்களை ஏற்றும்போது என்ன ஆகும் என்பதற்கு நம் சரித்திரத்தில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. இரண்டையும் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது.

ஒன்று 1990 ஒக்டோபர் கடைசி வாரம். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவுச் சனங்களுக்குத் தரை வழி இருக்கவில்லை. எருக்கலம்பிட்டியாரும் மற்றவர்களும் கடலால் கற்பிட்டிக்கு இறக்கப்பட்டார்கள். மீன் அள்ளுகிறதற்குக் கட்டிய படகுகளில் குழந்தைகள், கிழவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள். அந்தப் பயணத்தைப் பற்றி எங்கள் வீடுகளில் பெரியவர்கள் அதிகம் பேசுவதில்லை. பேசினால் முதலில் சொல்வது தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நின்றது என்பதைத்தான். கையை விளிம்பில் வைத்தால் விரல் நனைந்தது என்பார்கள்.

மற்றது கிளாலி. ஆனையிறவுப் பாதை அடைபட்ட பிறகு யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையில் இரவில் களப்பைக் கடந்த படகுகள். இஞ்சின் பூட்டிய ஒன்று முன்னால், அதன் பின்னால் கயிற்றில் கட்டிய படகுகள் வரிசையாக. வெளிச்சம் இல்லை, சத்தம் கூடாது. 1993 ஜனவரி 2ஆம் திகதி கடற்படை தாக்கியதில் பொதுமக்கள் பலர் அந்தத் தண்ணீரிலேயே இறந்தார்கள். இந்தப் பதிவை வாசிக்கிறவர்களில் அந்தக் களப்பைக் கடந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். நீங்கள் சொல்ல, நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய விஷயம் அது.

இரண்டிலும் வேறு வழி இல்லாமல் தொழில் படகில் சனம் ஏறியது. இன்று நமக்கு வழி இருக்கிறது.

சுனாமியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரை துடைத்தெறியப்பட்டது. அதன்பின் படகு கொடுக்க எல்லோரும் வந்தார்கள். ஒரு படகோடு படம் எடுப்பது சுலபம், நோட்டீஸ் போர்டு வைப்பதும் சுலபம். அவசரத்தில் கட்டிய தரக்குறைவான படகுகளைப் பற்றி ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பே எச்சரிக்க வேண்டி வந்தது. பிறகு 2009க்குப் பின்னும் ஒரு சுற்று நடந்தது. நான் முன்பு படிப்பித்த ஒரு கரையோர ஊரில் அப்படி வந்த ஒரு போட்டு வேப்பமரத்தடியில் குப்புறக் கிடந்தது. கொடுத்தவர்கள் பெயர் வேண்டாம். அந்த ஊர்க் களப்புக்கு அது ஆழம், அந்த ஊர்ச் சனத்துக்கு அது பாரம். இருபது பேர் சேர்ந்தால்தான் அசையும், ஆண்கள் இருபது பேர் அங்கே மிச்சம் இல்லை. கோழிகள் அதற்குள் முட்டை இட்டன.

இனி நம் குளம். குள மீன்பிடிக்கும் சரித்திரம் உண்டு. திலாப்பியா 1952இல்தான் இலங்கைக்கு வந்தது. குளத்து மீன்பிடிக்குக் கொடுத்த ஆதரவை அரசாங்கம் 1990இல் நிறுத்தி 1994இல் திரும்பத் தொடங்கியது. நமக்கு அந்த வருடங்களில் அரசாங்கமும் ஒன்றுதான், இல்லாமல் இருப்பதும் ஒன்றுதான். லொறி ரியூப்பில் இருந்துகொண்டு வலை போட்டவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இப்போது சின்ன பைபர் தோணிகள் இருக்கின்றன, இரண்டு பேர் ஏறுவது, இரண்டு பேர் தூக்குவது. குளத்துக்கு அதுதான் அளவு. தண்ணீர் இறங்க இறங்கத் தோணியும் சேற்றால் கீழே இறங்க வேண்டும், நாளுக்கு நாள் கரை தள்ளிப்போகும். தண்ணீருக்குள் பட்ட மரக் கட்டைகள் நிற்கின்றன, வேகமாகப் போகிற ஓட்டில் குத்தினால் கிழிக்கும். முதலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டடிப் போட்டும் இஞ்சினும் இந்தக் குளத்துக்கு எதற்கு? மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய் ஆனதை மறந்துவிட்டீர்களா? அன்று தொழிலை விடாமல் போனவர்கள் சவள் வலிக்கத் தெரிந்தவர்கள்.

அதனால் என் கருத்து: குளத்துக்குச் சின்னத் தோணி இரண்டு. களப்புக்குத் தனியாகப் பதினெட்டடி. ஒன்றை இரண்டு இடத்துக்கும் இழுத்துக்கொண்டு திரிந்தால், டிரக்டர் வாடகையும் இறக்கி ஏற்றும்போது ஓட்டில் விழுகிற வெடிப்புமாக மீன் காசு போய்விடும். பெட்டியில் ஏற்றுவதாக இருந்தால் அடியில் வைக்கோலோ பழைய ரயரோ போடாமல் ஏற்ற வேண்டாம். நம் றோட்டுகளை உங்களுக்குத் தெரியும்.

ஆனால் தோணியோ போட்டோ, தொழில் கலத்தில் பிள்ளைகளை ஏற்றி உலா காட்டுகிற கதைக்கு நான் சம்மதம் இல்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். பாலம் கட்டி முடியும்வரை என்று சொல்லி மிதப்புகளில் கட்டிய ஒரு பாதை. தினமும் சனம் போய் வந்ததுதான். அன்று காலை பள்ளிக்கூடம் போன பிள்ளைகளோடு கவிழ்ந்தது. பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே மௌத்தானார்கள். மறுநாள் வகுப்பில் என் முன்னால் இருந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க எனக்கு வாய் வரவில்லை. அந்த இடத்தில் ஒரு ஆசிரியர் வெற்றுக் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்.

ஆட்களை ஏற்றத்தான் வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு கலம், ஆளுக்கு ஒரு உயிர்காப்பு அங்கி, எத்தனை பேர் என்று பெயின்டில் எழுதிய எண். எல்லாவற்றுக்கும் முதல், நிரம்பினாலும் மிதக்கிறதா என்ற சோதனை. கணக்குச் சொல்கிறேன். ஓடு 300 கிலோ என்று வையுங்கள். கண்ணாடியிழை தண்ணீருக்குள் தன் பாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டும், அது 100 கிலோ. இஞ்சின் 40 கிலோ. தண்ணீரில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஐந்து பேருக்கு ஆளுக்குப் பத்துக் கிலோ வைத்தால் 50. மொத்தம் 190 கிலோ. மூடி இறுக்கிய 20 லீற்றர் வெறும் கான் ஒன்று ஏறத்தாழ 20 கிலோவைத் தாங்கும். பத்துக் கான். இருக்கைக்குக் கீழே, இரண்டு பக்கமும் சமமாக, கழன்று போகாதபடி வலைக் கயிற்றால் கட்ட வேண்டும். காற்றறை இருக்கிறது என்று விற்கிறவர் சொன்னால் நம்பலாம், ஆனால் பார்த்துவிட்டு நம்பலாம்.

விற்கிறவரோடு பேசிவிட்டோம். வருகிற சனிக்கிழமை ளுஹருக்குப் பிறகு இன்ஷா அல்லாஹ் களப்புக் கரையில் அந்தப் பதினெட்டடியை இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கி, இஞ்சினுக்குப் பதிலாக 40 கிலோ மண் மூட்டையைப் பின்னால் கட்டி, விளிம்பு வரை வாளியால் நிரப்பிப் பார்க்கப் போகிறோம். மிதந்தால் காசு. தாழ்ந்தால் அவரே எடுத்துக்கொண்டு போகட்டும். நிரப்பவும் இறைக்கவும் ஆட்கள் வேண்டும், பத்துப் பேராவது. டிரக்டர் பன்னிரண்டு மணிக்குக் குளக்கட்டடியில் நிற்கும். வாளி உள்ளவர்கள் வாளியோடு வாருங்கள்.